நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து, அறுபத்தைந்து

கொடைக்கானல் மூஞ்சிக்கல் சந்திப்பில் மூன்று வெள்ளை பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியிலிருந்து இறங்கியவன் மப்ளரை அவிழ்த்தான். அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடைக்கலமேரிக்கு யாரென்று தெரிந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டுப் போன அவளுடைய கொழுந்தன் செபாஸ்டின்.

பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கஸ்பாருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் அவன் குனிந்து வண்டியின் டயரைப் பார்த்தான்.

செபாஸ்டின்தான் முதலில் வந்தான்.

"நல்லா இருக்கீங்களா மதினி?"

"இருக்கோம்பா. நீ எப்படி இருக்கே?"

அண்ணனைப் பார்த்து அவன் எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் டயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கஸ்பார் அங்கே நின்றதற்குக் காரணம் வேறு. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி புது டீசல் பிக்கப்பை மலையில் ஏற்றிப் பார்க்க வருகிறது, இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய டிரைவர் ஒருவர் வேண்டும் என்று மதுரை ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருந்தார். ஒட்டன்சத்திரம் மண்டி முழுக்க விசாரித்ததில் எல்லோரும் சொன்ன ஒரே பேர் கஸ்பார். அந்த வண்டிக்கு எஞ்சின் செய்தவர்களில் தன் தம்பியும் ஒருவன் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

அடைக்கலமேரி அங்கே நின்றதற்குக் காரணம், அன்று சனிக்கிழமை. மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். லீவு நாளில் புருஷனுக்குக் காலைப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் நினைத்திருந்தாள். ஆனால் மூன்றாவது வண்டியிலிருந்து இறங்கிய கம்பெனிக் குறிப்பாளர் ரோட்டோரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மலை ரோட்டு வளைவுகள் ஒவ்வொன்றையும் அவர் வயிறு எண்ணி வைத்திருந்தது போலிருக்கிறது. முகம் வெளுத்துக் கிடந்தது.

"இனிமே இவர் வண்டியிலே ஏற மாட்டார்" என்றார் சுவாமிநாதன். கம்பெனியின் பெரிய எஞ்சினியர் அவர். ஸ்வெட்டருக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே சால்வை. "கடிகாரம் பார்த்து, நாலு மீட்டர் பார்த்து, எழுதத் தெரிஞ்ச ஆள் இங்கே யாராவது கிடைப்பாங்களா?"

"மதினி டீச்சர் சார்" என்றான் செபாஸ்டின்.

சுவாமிநாதன் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். 'மதினி' என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு ஏதோ புரிந்தது. கேள்வி எதுவும் கேட்காமல் அட்டை போட்ட நோட்டையும் ஸ்டாப் வாட்சையும் அவள் கையில் கொடுத்தார்.

வண்டியின் கதவுகளில் கறுப்புப் பெயின்டால் எண்கள் எழுதியிருந்தன. 45. 55. 65.

"மூணும் ஒரே எஞ்சின்தான் டீச்சர்" என்று அவர் விளக்கினார். "அதே நாலு சிலிண்டர், அதே இரும்பு. முதல் வண்டி நாற்பத்தைந்து குதிரை சக்தி. ரெண்டாவதுலே பம்ப்பைத் திருப்பி டீசல் அதிகமா விட்டிருக்கோம், ஐம்பத்தைந்து. மூணாவது இந்த செபாஸ்டினோட குழந்தை. டர்போ போட்டது. அறுபத்தைந்து."

"மூணையும் விற்கப் போறீங்களா?"

"மலைக்குன்னு ஒண்ணுதான். எதுன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும். டர்போ தேறலைன்னா அந்தப் பிரிவையே மூடச் சொல்லி மேலே உத்தரவு. இவரும் கூட இருக்கிற ஆறு பேரும் மூணு வருஷமா இது ஒண்ணையே கட்டி அழறாங்க."

கடைசி வாக்கியத்தைக் கஸ்பார் கேட்டானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் அந்த மூன்றாவது வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தான்.

மன்னவனூரில் விவசாயி கந்தவேல் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு காத்திருந்தார். அவருடைய வயல் அன்றைக்கு உறைபனியில் உப்புக் கொட்டியது போல வெளுத்திருந்தது. வண்டிக்கு இருபத்தைந்து மூட்டை, எடைக்கு எடை சரியாக ஏற்றினார்கள். கம்பெனி டிரைவர்கள் பொன்னுவேலும் சேனாதிபதியும் ஆளுக்கொரு வண்டியை எடுக்க, மூன்றாவதை செபாஸ்டினே ஓட்டி வந்தான். பூம்பாறையைத் தாண்டி ஓர் ஓடைப் பாலம். அங்கிருந்து மேலே காட்டிலாகா செக்போஸ்ட் வரை ஏழு கிலோமீட்டர், பதினோரு கொண்டை ஊசி வளைவு, முழுக்க ஏற்றம். அதுதான் பரீட்சை.

"ஒரே கால்தான் மூணையும் மிதிக்கணும்" என்றார் சுவாமிநாதன். "அப்பதான் வித்தியாசம் எஞ்சினோடதுன்னு நம்ப முடியும். கஸ்பார், நீங்க மூணையும் ஓட்டுறீங்க. ஒண்ணை மேலே விட்டுட்டு ஏஜென்ட்டோட ஜீப்பிலே இறங்கி வந்து அடுத்ததை எடுங்க. நான் செக்போஸ்ட்டிலே இருக்கேன்."

ஆக, அந்த முன் சீட்டில் ஸ்டியரிங் பக்கம் கஸ்பார், கதவோரம் செபாஸ்டின், நடுவில் அடைக்கலமேரி. எட்டு வருஷமாகப் பேசாத அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு நோட்டோடும் கடிகாரத்தோடும் உட்கார வேண்டியதாயிற்று அவளுக்கு.

முதல் வண்டி, நாற்பத்தைந்து.

அது அவசரப்படாத வண்டி. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு ஏறியது. வளைவு வந்தால் முதல் கியர், வளைவு தாண்டினால் மறுபடி இரண்டு. புகை இல்லை, திணறல் இல்லை. கஸ்பாரின் கால் மிதியில் பாதி கூட அழுத்தவில்லை என்று தோன்றியது, ஆனால் குனிந்து பார்த்தபோது அது தரையோடு தரையாக இருந்தது. வண்டியிடம் இருப்பது அவ்வளவுதான். இருப்பதை மிச்சம் வைக்காமல் கொடுத்துக்கொண்டிருந்தது.

செபாஸ்டின் மீட்டர்களைப் பார்த்து எண் சொல்ல, அவள் எழுதினாள். ஐந்தாம் வளைவில், எதிரே வந்த மாட்டுக்காகக் கஸ்பார் நிறுத்தி எடுத்தான். வண்டி அலுங்காமல் கிளம்பியது.

"நல்ல புள்ளை" என்றான் கஸ்பார், வண்டியைப் பார்த்து.

செக்போஸ்ட்டைத் தொட்டபோது இருபத்தாறு நிமிஷம், பத்து விநாடி.

பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்து வந்த கந்தவேலுக்குத் திருப்தி. "இது போதுங்க. மூட்டை போய்ச் சேர்ந்தாச் சரி."

"இந்த வேகத்துலே போனா ஏலம் முடிஞ்சுதான் ஒட்டன்சத்திரம் போவீங்க மாமா" என்றான் கஸ்பார்.

கந்தவேல் தாடையைத் தடவிக்கொண்டார். அந்தக் கணக்கு அவருக்கு மறந்துபோயிருந்தது.

இரண்டாவது வண்டி ஐம்பத்தைந்து. பாலத்திலிருந்து கிளம்பியதுமே வித்தியாசம் தெரிந்தது. கால் வைத்தவுடன் துள்ளியது. முதல் இரண்டு வளைவுகளை முந்தைய வண்டியை விட வெகு சுறுசுறுப்பாக ஏறியது. அடைக்கலமேரி கடிகாரத்தைப் பார்த்து மனசுக்குள் சபாஷ் போட்டாள்.

மூன்றாம் வளைவிலிருந்து கண்ணாடியில் ரோடு தெரியவில்லை. பின்னால் கரும்புகை ஒரு திரை மாதிரி தொங்கியது. சூட்டு மீட்டரின் முள் மெல்ல மெல்லச் சிவப்பை நோக்கி நகர்ந்தது.

"ஏன்பா இப்படிப் புகையுது?"

"டீசல் இருக்கு மதினி, காத்து இல்லை" என்றான் செபாஸ்டின். "நாம ஏழாயிரம் அடியிலே இருக்கோம். காத்து இங்கே மெலிசு. டீசல் எரியறதுக்கு ஈடா காத்து கிடைச்சாத்தான் பலம். கிடைக்கலைன்னா பாதி எரிஞ்சும் எரியாமலும் இப்படிப் புகையாத்தான் போகும். மெட்ராஸ்லே இது அருமையான வண்டி."

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. காற்று மெலிந்த இந்த ஊரில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். அடுப்பிலே நடப்பது எஞ்சினிலே நடக்காமலா இருக்கும்?

கஸ்பார் மிதியைத் தளர்த்தினான். புகை குறைந்தது, வேகமும் குறைந்தது. முள் சிவப்பைத் தொடவிடாமல், ஓர் அங்குலம் அழுத்துவதும் அரை அங்குலம் விடுவதுமாக மீதி எட்டு வளைவையும் ஏற்றினான். பதினோரு வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணியவள், அந்தப் பாதத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தாள். பாதம் கேட்டது, எஞ்சின் பதில் சொன்னது, மறுபடி பாதம் கேட்டது.

இருபத்து நாலு நிமிஷம், ஐந்து விநாடி. பத்துக் குதிரை கூடியும் இரண்டே நிமிஷம்தான் லாபம்.

கந்தவேல் பின்னாலிருந்து இறங்கியபோது கண் இரண்டும் பல்லும் மட்டும் வெள்ளையாக இருந்தன. பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி கரித்துணியாகியிருந்தது. "அடுத்த வண்டியிலே நான் ஏறலைங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜீப் அவர்களைப் பாலத்தில் இறக்கிவிட்டுக் கந்தவேலோடு மேலே திரும்பியது. மூன்றாவது வண்டிக்கு எண்ணெய், தண்ணீர் எல்லாம் பார்த்து முடிக்கப் பொன்னுவேல் பத்து நிமிஷம் கேட்டார். கஸ்பார் ஓடையில் இறங்கி முகம் கழுவினான். அடைக்கலமேரி பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

செபாஸ்டின் டம்ளரை வாங்கினான், குடிக்கவில்லை.

"மதினி, அன்னைக்கு அப்பா லாரியிலே நான் செஞ்சதும் இதுதான்."

அவன் அவளிடம்தான் சொன்னான். ஆனால் அண்ணனுக்குக் கேட்கும்படியாகச் சொன்னான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் மாமனார் மரியஅந்தோணியின் லாரி வத்தலக்குண்டு ஏற்றத்தில் பிஸ்டன் உருகி நின்றது. அந்த வீட்டில் சோறு போட்ட ஒரே வண்டி அது. தம்பிதான் பம்ப்பைத் திருப்பியிருக்கிறான் என்பது மூன்று நாள் கழித்து மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கஸ்பார் அவனை நடு ரோட்டில் வைத்து அறைந்தான். அன்று போனவன்தான்.

"பம்ப்புலே இருந்த கம்பெனி முத்திரையை உடைச்சு ஸ்க்ரூவைத் திருப்பினேன். சமவெளியிலே பறந்துச்சு. அப்பா சிரிச்சாரு. மலைக்கு வந்தா என்ன ஆகும்னு எனக்கு அப்ப தெரியாது. தெரியாதுங்கிறதும் எனக்குத் தெரியாது. காத்தைக் கூட்டாம டீசலை மட்டும் கூட்டக் கூடாதுன்னு படிச்சு விளங்கிக்க எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் வேற எதையும் நான் செய்யலை."

கஸ்பார் ஓடைக்குள்ளேயே நின்றான். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா செத்ததுக்குக் கூட வரலைன்னு நீங்க நினைச்சிருப்பீங்க. தந்தி வரலை மதினி. ஆறு மாசம் கழிச்சுக் கொடைக்கானல்காரன் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும்."

அடைக்கலமேரி புருஷனைப் பார்த்தாள். அன்றைக்குத் தந்தி ஆபீசுக்கென்று சொல்லிக் குடை எடுத்துக்கொண்டு அவன் போனது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'அனுப்பிட்டேன்' என்று வந்து சொன்னதும் ஞாபகம் இருந்தது. வராத கொழுந்தனை அவளும் ஐந்து வருஷமாக மனசுக்குள் திட்டியிருக்கிறாள்.

"நான் அனுப்பலை" என்றான் கஸ்பார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரை ஏறி வந்தான்.

"தந்தி ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அட்ரஸ் கையிலே கெடந்துச்சு. உள்ளே போகலை. அவன் வந்து அழுதா நான் மன்னிச்சிருவேன்னு தெரியும். மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை அப்போ." அவன் தம்பியை நேராகப் பார்த்தான். "தப்பு என்னோடதுதான்லே."

செபாஸ்டின் டம்ளரைக் கீழே வைத்தான். எழுந்து பாலத்தின் மறு கோடி வரை நடந்து போனான். அடைக்கலமேரிக்கு அவன் பின்னால் போகலாமா என்று தோன்றியது. போகவில்லை. அப்பாவைப் புதைத்த மண்ணில் ஒரு பிடி போடக் கிடைக்காதவனுக்கு அவள் என்ன சொல்ல முடியும்?

"வண்டி ரெடி சார்" என்று பொன்னுவேல் குரல் கொடுத்தார்.

செபாஸ்டின் திரும்பி வந்தான். கண் சிவந்திருந்தது. அண்ணனைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து ஏறினான்.

"முதல் வளைவு வரைக்கும் ரொம்ப மிதிக்க வேண்டாம்" என்றான், எதிரே ரோட்டைப் பார்த்தபடி. எட்டு வருஷத்தில் அண்ணனுக்கென்று அவன் சொன்ன முதல் வார்த்தை அது. "சூடேறட்டும்."

"சரி" என்றான் கஸ்பார்.

மூன்றாவது வண்டி கிளம்பியபோது மற்ற இரண்டைப் போலத்தான் கிளம்பியது. இதற்கா மூன்று வருஷம் என்று அடைக்கலமேரி நினைப்பதற்குள், எங்கோ பானெட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கை எழுந்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. சீழ்க்கை ஏற ஏற, யாரோ பின்னாலிருந்து தோள் கொடுத்துத் தள்ளுவது போல வண்டி முன்னால் பாய்ந்தது.

"என்னதுப்பா இது சத்தம்?"

"டர்போ மதினி. வெளியே போற புகை சும்மா போகாம ஒரு குட்டி விசிறியைச் சுத்திட்டுப் போகும். அந்த விசிறி காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ளே திணிக்கும். மலையிலே காத்து மெலிசா இருந்தா என்ன, நாம அமுக்கிக் கொடுத்துடலாம்."

வீணாகப் போகிற புகையைப் பிடித்து, இல்லாத காற்றைச் சம்பாதித்துக் கொடுக்கிற யோசனை. அடைக்கலமேரிக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் பாடத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். வீட்டில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி ஏசிய இந்தப் பிள்ளையின் கையிலிருந்தா இது வந்தது?

கஸ்பார் மூன்றாவது கியர் போட்டான். இந்த ஏற்றத்தில், இந்த பாரத்தோடு, மூன்றாவது கியர். கண்ணாடியில் புகை இல்லை. முள் நடுவிலேயே நின்றது. ஒவ்வொரு வளைவிலும் சீழ்க்கை இறங்கி, வளைவு நேரானதும் மறுபடி ஏறியது. அதன் போக்கு இரண்டே வளைவில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கி, சீழ்க்கை அணையாமல் ஏந்திக்கொண்டு போனான்.

"அப்பா இருந்தா இறங்கவே மாட்டாரு இதை விட்டு" என்றான். யாரிடம் என்றில்லாமல்.

செபாஸ்டின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எட்டு வளைவு பதினோரு நிமிஷத்தில். ஒன்பதாவது வளைவின் நடுவில், மேலிருந்து வாட்டில் மரம் ஏற்றிய லாரி ஒன்று அகலமாகத் திரும்பி வந்தது. அதற்குப் பின்வாங்க வழியில்லை. கஸ்பார் சரிவின் மேலேயே, வளைவின் உள்பக்கத்திலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இருப்பதிலேயே செங்குத்தான இடம் அது.

லாரி உரசுகிறாற்போலக் கடந்து போனது. கஸ்பார் முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டான்.

வண்டி ஒரு முழம் முன்னால் போய், திணறி, அணைந்தது.

அடுத்த நொடி பின்னால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தான் கஸ்பார். பின் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே அரைச் சுவர் கூட இல்லை.

"மேரி, இறங்கு."

"நான் இறங்கலை."

"ஏலே, நீ இறங்கி ஒரு கல்லை வை, வெரசா."

செபாஸ்டின் குதித்தான். ரோட்டோரக் கல்லைப் புரட்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்துவிட்டு, கதவருகே வந்து நின்றான். "விசிறி சுத்தாத வரைக்கும் இது நாற்பத்தைந்தை விடப் பலம் குறைச்சல். நின்ன இடத்துலேருந்து கிளம்பறப்ப..."

"தெரியுது. பேசாம இரு."

எஞ்சினை மறுபடி கிளப்பினான் கஸ்பார். ஹேண்ட் பிரேக்கை விடாமல் காலை மெல்ல அழுத்தினான். கிளட்சைப் பாதி விட்டு, அந்தப் பாதியிலேயே பிடித்து வைத்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதற்கோ காத்திருந்தான். கருகிய வாசனை வந்தது. வண்டி நடுங்கியது. அவன் இன்னும் காத்திருந்தான்.

சீழ்க்கை எழுந்தது.

ஹேண்ட் பிரேக்கை விட்டான். இருபத்தைந்து மூட்டையும் இரண்டு பேர் உயிருமாக வண்டி வளைவை ஏறிக் கடந்தது. செபாஸ்டின் ஓடி வந்து தொற்றிக்கொண்டான். கதவைச் சாத்தியதும் அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க டெஸ்ட் டிரைவர் யாராலும் இதைச் செய்ய முடியாது" என்றான் கடைசியில்.

அடைக்கலமேரி நோட்டைத் திறந்தாள். 'ஒன்பதாம் வளைவு' என்று எழுதி, பென்சிலை நிறுத்தினாள். சுவாமிநாதன் மேலே இருக்கிறார். கந்தவேல் ஜீப்பில். லாரிக்காரன் போய்விட்டான். வண்டி அணைந்ததைப் பார்த்தவர்கள் இந்த மூன்று பேர்தான். ஏழு பேருடைய மூன்று வருஷ உழைப்பு அந்தப் பென்சில் முனையில் நின்றது. அவள் கொழுந்தனைப் பார்த்தாள்.

"எழுதுங்க மதினி" என்றான் அவன். "அப்பாகிட்டே சொல்லாம விட்டதே எனக்குப் போதும்."

அவள் எழுதினாள். 'வண்டி நின்றது. மறுபடி கிளம்பும்போது எஞ்சின் அணைந்தது. கிளட்ச் கருகல்.'

செக்போஸ்ட்டில் கடிகாரத்தை நிறுத்தியபோது பதினெட்டு நிமிஷம், நாற்பது விநாடி. நின்ற நேரத்தையும் சேர்த்து. சுவாமிநாதன் சால்வையை உதறிவிட்டு எழுந்து நின்றார். நோட்டை வாங்கிப் பார்க்கும் வரை அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அணைஞ்சுதா?"

அவர் கஸ்பாரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவர் உங்க தம்பின்னு எனக்குத் தெரியும். அதைத் தள்ளி வச்சுட்டு, ஒரு டிரைவரா சொல்லுங்க. மூணுலே எது?"

கஸ்பார் துண்டால் கையைத் துடைத்தான். கந்தவேல் கூட ஜீப்பிலிருந்து கழுத்தை நீட்டினார்.

"நாற்பத்தைந்து நல்ல வண்டி சார். யார் ஓட்டினாலும் கவுக்காது. ஆனா அதை ஓட்டிப் பிழைக்க முடியாது. ஐம்பத்தைந்தை மலைக்குக் கொண்டு வராதீங்க, அது கீழேயே இருக்கட்டும். அறுபத்தைந்துதான் வண்டி." அவன் நிறுத்தினான். "ஆனா இப்படியே வித்தீங்கன்னா முதல் மாசமே கிளட்ச் போகும். ரெண்டாவது மாசம் யாராவது பள்ளத்துக்குப் போவாங்க."

செபாஸ்டின் தலை குனிந்தது.

"பலத்துலே குறையில்லை சார். பல்லுலே குறை. பின் ஆக்ஸிலுக்குள்ளே இருக்கிற பல்சக்கரம் ரோட்டு வண்டிக்கு வச்சது. அதைக் கொஞ்சம் சின்னப் பல்லா மாத்துங்க. முதல் கியர் மெதுவா, அழுத்தமா இழுக்கும். விசிறி சுத்தறதுக்கு முன்னாடியே வண்டி கிளம்பிரும். மேல்வேகம் கொஞ்சம் குறையும். குறையட்டுமே, இங்கே எவன் அறுபது மைல்லே போகப் போறான்?"

சுவாமிநாதன் செபாஸ்டினைப் பார்த்தார். செபாஸ்டின் அவர் கையிலிருந்த நோட்டை வாங்கி, பின் அட்டையில் கிடுகிடுவென்று ஏதோ கணக்குப் போட்டான். இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி போட்டான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் பழைய இருபது வயசுச் சிரிப்பு இருந்தது. அடைக்கலமேரி கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்த சிரிப்பு.

"சரியா வருது சார். எஞ்சினையே பார்த்துட்டு இருந்துட்டோம். அச்சுப் பக்கம் நாங்க யாருமே திரும்பலை."

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க கஸ்பார்?"

"இருபத்து ரெண்டு வருஷம் சார்."

"இருபத்து ரெண்டு எஞ்சினியர்களை வச்சிருக்கேன். ஒருத்தருக்கும் தோணலை." சுவாமிநாதன் சால்வையை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார். "டர்போ பிரிவை மூட விடமாட்டேன். அதுக்கு நான் பொறுப்பு. ஆனா பல்லை மாத்தி, நாலைஞ்சு விதமாப் போட்டு, நீலகிரி, ஏற்காடு, வால்பாறைன்னு ஏத்திப் பார்க்கணும். ஒரு வருஷ வேலை. அதை ஓட்டறதுக்கு எனக்கு இந்தக் காலும் இந்தக் காதும் வேணும். மெட்ராஸுக்கு வந்துடுங்க. வீட்டிலே கலந்து பேசிட்டு நாளைக்குள்ளே சொன்னாப் போதும்."

அடைக்கலமேரி கணவனின் பக்கம் திரும்பினாள். நேற்று மாலை தலைமை ஆசிரியைப் பதவியை ஏற்கச் சொல்லி மிஷன் பள்ளி நிர்வாகத்திடமிருந்து வந்த கடிதம் அவளுடைய கைப்பையில் இருந்தது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

கஸ்பார் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

"நாளைக்கு எதுக்கு சார்? நான் வர்றேன்."

ஒரு சட்டைத்துணி எடுப்பதற்குக் கூட 'மேரி, நீ என்ன சொல்றே' என்று கேட்கிற மனுஷன். பதினோரு வருஷத்தில் அவளைக் கேட்காமல் அவன் சொன்ன முதல் பதில் அது.